ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

அக்டோபர் 14, திங்கள்

முருங்கைக்காய் சாம்பார், பீர்க்கங்காய்ப் பொரியல், மிளகு ரசம். ஒன்பது கேரியர்.

இந்த டைரியில் என்ன சமைத்தேன் என்று மட்டும் எழுதுவதாகத்தான் உத்தேசம். ஒரே வாரத்தில் இரண்டு முறை சௌசௌ போட்டுவிட்டேன் என்று முதல் மாடி வக்கீல் போன வாரம் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இனிமேல் சாட்சிக்கு டைரி இருக்கிறது, வரட்டும்.

இந்த அபார்ட்மெண்ட்டில் எட்டு வீட்டுக்கு ஒரே சமையல். ஒன்பதாவது கேரியர் இரண்டாம் மாடி சுலோச்சனா டீச்சருடையது, அதற்குத் தனிச் சமையல். அவருக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. எல்லாவற்றிலும் குளூட்டன் இருக்கிறதாம். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தனி வாணலி, தனிக் கரண்டி, தனித் துணி எல்லாம் வைத்திருக்கிறேன். ஒருநாள் என் பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பி, கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "கலாமணி, இதுல மைதா கலந்திருக்குது" என்றார். இத்தனை வருடம் போடுகிறேன், எனக்கே தெரியாது. அன்றிலிருந்து அவருக்கு மட்டும் டவுன்ஹால் பக்கத்துக் கடையிலிருந்து பால் பெருங்காயம். அது சுத்தமான பிசின், மாவு கிடையாது.

போன மாதம் டீச்சருக்குத் துணையாக டாக்டரிடம் போனேன். நோய் ஆரம்பித்த வருடம் எடுத்த பரிசோதனைக் காகிதங்களையெல்லாம் அவர் புரட்டிப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு சீலியாக் நோய் இல்லீங்க. அந்த நோய் இருக்கறவங்களுக்குத்தான் துளி பட்டாலும் குடல் கெட்டுப்போகும். உங்களுக்குச் சப்பாத்தி, பரோட்டா சாப்பிட்டா உப்புசம் வருது. சரி, அதை விட்டுருங்க. கரண்டில ஒட்டுனது, காத்துல பறக்கறதுக்கெல்லாம் பயந்துக்காதீங்க" என்றார். வெளியே வந்ததும் டீச்சர், "சின்னப் பையன். இவனுக்கு என்ன தெரியும்?" என்றார். ஆட்டோவில் வீடு வரும்வரை அந்தப் பையனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளி ஆர்டர். முறுக்கு, தட்டை, அதிரசம் என்று இடுப்பு ஒடிகிறது. பால் பெருங்காயம் நேற்றே தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக முடியவில்லை. டீச்சர் ரசத்தில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டேன். ஒரு நாள்தானே.

அக்டோபர் 29, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று தடவை இரண்டாம் மாடிக்கு ஏறினேன். தண்ணீர் மோட்டார் போட்டாச்சா என்று கேட்க ஒருமுறை. கறிவேப்பிலை கொடுக்க ஒருமுறை. மூன்றாவது முறைக்குக் காரணம் கிடைக்கவில்லை, சும்மாவே போனேன். டீச்சர் நன்றாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ரசம் எப்படி வெச்சே கலாமணி? வயித்துல இருக்கற மாதிரியே தெரியல. ரெண்டு தடவ ஊத்திக்கிட்டேன்" என்றார்.

"எப்பவும் போலத்தாங்க டீச்சர்" என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

புடலங்காய்க் கூட்டு, வத்தக்குழம்பு, கொத்தமல்லி ரசம்.

பால் பெருங்காயம் வாங்க டவுன்ஹால் போக வேண்டும். நேரமே இல்லை.

நேரமில்லை என்று எழுதிவிட்டேன். போன சனிக்கிழமை பாத்திரக் கடைக்கு அந்தத் தெருவுக்கேதான் போயிருந்தேன். சரி, டீச்சருக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே. இரண்டு வாரமாகத் தினமும் டப்பாப் பெருங்காயம்தான் போகிறது. முகம் தெளிந்து இருக்கிறார். வாக்கிங்கூடப் போகிறார். டாக்டர் பையன் சொன்னது சரி போலிருக்கிறது. இதை அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர், "கலாமணி இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று நான்காம் மாடி அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது?

தினமும் நாலு மணிக்கு டீச்சர் கீழே இறங்கி வருவார். நான் கீரையைப் பரப்பி வைத்திருப்பேன், இருவரும் ஆய்வோம். பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வார். ஓசூரில் இருக்கும் என் பையன் மாதம் ஒருமுறை போன் செய்தால் அதிகம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை போவதே எனக்குத் தெரியாது.

டிசம்பர் 1, ஞாயிறு

டீச்சரின் மகள் சுபாஷிணி வந்திருந்தாள். ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டு முறை தங்காமல் போய், இது மூன்றாவது. முப்பத்தெட்டு வயது. புருஷன் தாமோதரன் அவிநாசியில் பேக்கரி வைத்திருக்கிறார். கீழே பேக்கரி, மேலே வீடு. சுபா தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. டீச்சர் அந்த வீட்டில் இதுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. போனால் என் கேரியரோடு போய், சாப்பிட்டு, என் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்துவிடுவார். காற்றிலேயே மைதா பறக்கிற வீடு, அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

இந்த நோய் எப்போது வந்தது டீச்சர் என்று முன்னொரு நாள் கேட்டேன். சுபா கல்யாணத்துக்கு அடுத்த வருடம் என்றார்.

சுபா என் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அம்மாவுக்கு நீங்க பண்றது மட்டும் எப்படிங்க்கா சேருது? எனக்கும் சொல்லிக் கொடுங்க. அதே மாதிரி நான் பண்ணி வெச்சுட்டா, குழந்தை பொறக்கற வரைக்குமாவது அம்மா என்கூட வந்து இருக்கும்" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுதிக்கொள்ளத்தான்.

நான் சொன்னேன். தனி வாணலி, தனிக் குக்கர், இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிய ஒரு தனிப் படி. வேறு துணியில் துடைக்கக் கூடாது. மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அரிசியைக் கொட்டவே கூடாது, வேறு நாள் போக வேண்டும். அவள் ஒவ்வொன்றாக எழுத எழுத எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இல்லாததையெல்லாம்கூடச் சேர்த்துச் சொன்னேன்.

"பெருங்காயம்?" என்றாள்.

"பால் பெருங்காயம் மட்டும்தான். டவுன்ஹால்ல கிடைக்கும்" என்றேன்.

டப்பா அவள் தலைக்கு மேல் அலமாரியில்தான் இருந்தது.

டிசம்பர் 2, திங்கள்

டீச்சர் சொன்னார்: "உன் கை பட்டாத்தான் எனக்குச் சேருது."

டிசம்பர் 27, வெள்ளி

சுபாவைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பயணம் கூடாது, படி ஏறக் கூடாது. எனவே பிரசவத்துக்கு இங்கே வர முடியாது. நம் அபார்ட்மெண்ட்டில் லிஃப்டும் இல்லை. காலையில் வேலைக்காரம்மா வந்துவிட்டுப் பதினொரு மணிக்குப் போய்விடுகிறாள். மாமியார் உயிரோடு இல்லை. மாப்பிள்ளை கீழே பேக்கரியில். பகல் முழுக்க அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

ஜனவரி 9, வியாழன்

நாலு மணிக்கு டீச்சர் வந்ததும் சுபாவிடமிருந்து போன். சத்தமாகப் பேசுவதால் எனக்கும் கேட்டது.

"வந்து இரும்மா. மேல வீட்டையே கழுவி விட்டுட்டம்மா. பாத்திரமெல்லாம் புதுசு வாங்கியாச்சு. நீ எதுவும் பண்ண வேண்டாம், பக்கத்துல உக்காந்திரு போதும்."

"கழுவுனா? கீழ மிஷின் ஓடறப்ப மேல தூசி வராதா? நான் வந்து படுத்துட்டன்னா உன்னைப் பாக்கறதா, என்னைப் பாக்கறதா?"

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

டீச்சர் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கலாமணி. நான் போகட்டுமா?"

வாயில் வந்தது. டீச்சர், இரண்டரை மாதமாக உங்களுக்கு மைதாப் பெருங்காயம்தான் போடுகிறேன், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தைரியமாகப் போங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

"உங்க உடம்பைப் பத்தி உங்களுக்குத்தானுங்க தெரியும் டீச்சர்" என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய ஆரம்பித்தார்.

பிறத்தியார் குடும்ப விஷயத்தில் நான் எப்படித் தலையிட முடியும்? சமையல்காரி சமையல்காரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

கட்டுச்சோறு. ஏழாம் மாதம் பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சோறு கொண்டுபோக வேண்டும் அல்லவா, என்னிடம்தான் ஒப்படைத்தார். விடியற்காலை எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச்சோறு. இருபது பேருக்கு. புளிச்சோற்றுக்குப் பெருங்காயம் தாராளமாக வேண்டும், ஒரு கரண்டி போட்டேன். என்ன பெருங்காயம் என்று எழுத வேண்டியதில்லை.

வேனில் போனோம். மாப்பிள்ளை இரண்டு நாளாகப் பேக்கரியையே மூடிவைத்திருந்தார். ஷட்டரில் விடுமுறை என்று எழுதி ஒட்டியிருந்தது. மேலே தரை பளபளவென்று இருந்தது, ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டியிருந்தார்கள். சுபா வளையல் குலுங்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்னமும் பூரித்து, பார்க்கவே நிறைவாக இருந்தது.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு சுபா மாப்பிள்ளையிடம் கண்ணைக் காட்டினாள். அவர் உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். சந்தகை. பக்கத்தில் தேங்காய்ப்பால், நாட்டுச்சர்க்கரை.

"நானே பண்ணுனதும்மா. ஸ்டூல் போட்டு உக்காந்துதான் பண்ணுனேன். அவர் புழிஞ்சு கொடுத்தார். எல்லாம் புதுப் பாத்திரம், கலாமணியக்கா சொன்ன மாதிரியே. மில்லுக்குக்கூட ரெண்டு நாள் போய்த் திரும்பி வந்துட்டாரு, முன்னாடி கோதுமை ஓடிச்சுன்னு. ஒரு வாய் சாப்புடும்மா."

டீச்சர் தட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஈரத்துணி விலகிய இடத்தில் பேக்கரியின் புகைக்கூண்டு தெரிந்தது.

"வேண்டாம் கண்ணு. நான் கலாமணி கொண்டுவந்ததச் சாப்பிட்டுட்டேன். வயிறு நிறைஞ்சிருக்குது."

சுபா இன்னொரு தட்டை எடுத்து அதை மூடி வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

திரும்பும்போது வேனில் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, அந்த வீட்டுக் காத்துக்கே இப்படி. சாப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்!" உண்மையிலேயே முகம் வெளுத்து வியர்த்துக்கொட்டியது, நடிப்பில்லை. சுடுதண்ணீர் கொடுத்துக் காலைப் பிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த புளிச்சோற்றில் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு சரியாகிவிட்டது என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

அவரைக்காய்ப் பொரியல், பருப்பு ரசம்.

மூன்றரை மணிக்கு மாப்பிள்ளை போன். சுபாவைத் திருப்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாராம். டீச்சரை டாக்ஸியில் ஏற்றிவிட்டேன். கேரியர் எடுத்துக்கொள்ளாமல் போனார்.

பிப்ரவரி 7, வெள்ளி

குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை.

பிப்ரவரி 9, ஞாயிறு

திருப்பூர் போய்வந்தேன். டீச்சருக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சுபா இருந்த அறைக்கு வெளியே.

மாப்பிள்ளைதான் சொன்னார். வியாழக்கிழமை ஒன்றரை மணி வாக்கில் ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. போன் ஹாலில் சார்ஜரில் இருந்திருக்கிறது. எழ முடியாமல் கூப்பிட்டிருக்கிறாள். கீழே மாவு பிசைகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. அவர் இரண்டரை மணிக்குச் சாப்பிட மேலே வந்தபோதுதான் பார்த்திருக்கிறார். "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா குழந்தையக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க்கா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த மனிதரின் சட்டைக் காலரில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

அறைக்குள் போனேன். சுபா விழித்துத்தான் இருந்தாள். "வாங்க்கா" என்றாள். அம்மாவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். சமைக்கக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பிப்ரவரி 10, திங்கள்

சமையல் இல்லை. உடம்பு சரியில்லை என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

டீச்சர் திரும்பி வந்துவிட்டார். சுபா வீட்டுக்குப் போய்விட்டாளாம். கூடப் போக இவர் பையை எடுத்திருக்கிறார். "வேண்டாம்மா, அங்க காத்து உனக்கு ஆகாது" என்றாளாம். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள் என்று டீச்சர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாப்பிள்ளை ஒரு அட்டைப்பெட்டியை என் வீட்டில் இறக்கினார். "அவ இதையெல்லாம் கண்ணுல காட்டாதீங்கன்னுட்டாங்க்கா. அத்தைகிட்ட நேரா கொடுக்க எனக்கு மனசு வரல. நீங்க கொடுத்துருங்க." காப்பி கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார்.

பெட்டியை நானும் டீச்சருமாகப் பிரித்தோம். வாணலி, குக்கர், சந்தகைப் படி, இரண்டு கரண்டி, வடிகட்டி, தட்டு, டம்ளர். பாதிக்கு மேல் ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெள்ளைத் துணி ஒட்டி, பேனாவில் சுபா கையெழுத்து: அம்மாவுக்கு மட்டும். தட்டிலும் அப்படித்தான். அன்றைக்குச் சந்தகையை வைத்துக் கொண்டுவந்த தட்டு அது.

அடியில் ஒரு சின்ன டப்பா. பால் பெருங்காயம். சீல் உடைக்கவில்லை. மேலே டவுன்ஹால் கடையின் பெயர். எனக்குப் போக நேரமில்லாத கடைக்கு அந்த மனிதர் அவிநாசியிலிருந்து போய் வாங்கிவந்திருக்கிறார்.

டீச்சர் அந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "இதெல்லாம் நீயே வெச்சுக்கோ கலாமணி. இதுலயே எனக்குச் சமைச்சுக் கொடு. சுத்தபத்தமா பண்றவ நீ ஒருத்திதான்."

இரவு சாப்பிடவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் பத்து மணிக்கு மாடிக்குப் போனேன். என் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன், கையில் ஏதாவது இருந்தால்தான் பேச்சு வரும் என்று. மேஜைமேல் வைத்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கு இதைத்தானுங்க போட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். கண்ணாடி போடாமலே.

"எப்ப இருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்துங்க."

விரலை மடக்கினார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. தையில் விரல் நின்றது.

"கட்டுச்சோத்துலயும்?"

"ஆமாங்க. புளிச்சோத்துல. ஒரு கரண்டி."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேரியரைத் தூக்கி எறிந்திருந்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே யாரோ வண்டி கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"நீங்க கேட்டன்னைக்கே சொல்லியிருக்கோணுமுங்க. நீங்க போயிருவீங்கன்னு சொல்லல" என்றேன். இதை நான் என்னிடமேகூட அதுவரை சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு அழுகை வந்துவிட்டது.

"அந்தச் சந்தகை நல்லா வெள்ளையா, பூ மாதிரி இருந்துச்சில்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க டீச்சர்."

நான் எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் கூப்பிட்டார்.

"கலாமணி. இதைச் சுபாகிட்ட சொல்லிராதே. என்னைக்கும் சொல்லிராதே."

"சொல்ல மாட்டேனுங்க."

"நோயினாலதான் அம்மா வரலன்னு நெனச்சுட்டு இருக்கறா. அப்படியே இருக்கட்டும். நோய்னா என்னைக்காவது ஒருநாள் மன்னிச்சுருவா." டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "நீயும் எப்பவும் போலவே பண்ணு. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. யார் கேட்டாலும் டீச்சருக்குத் துளி ஆகாதுன்னு சொல்லு."

பிப்ரவரி 25, செவ்வாய்

கத்திரிக்காய்க் கொத்சு, முட்டைக்கோஸ் பொரியல், தக்காளி ரசம். ஒன்பது கேரியர்.

டீச்சருக்குச் சுபாவின் புதுப் பாத்திரத்தில் வைத்தேன். பால் பெருங்காய டப்பாவின் சீலை உடைத்து ஒரு சிட்டிகை போட்டேன். கேரியர் திரும்பி வந்தபோது சோறு பாதி போயிருந்தது, ரசம் அப்படியே இருந்தது.

நாலு மணிக்கு அரைக்கீரையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வரவில்லை. ஐந்து மணிவரை பார்த்துவிட்டு நானே ஆய்ந்தேன்.